சோதனைக்குப் போட்ட எண்

போடி ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே
பொம்முராஜின் ஏலக்காய்க் கடை மாடியில்
ஆறு எல்.இ.டி. பலகைகள் மாட்டச் சொன்னார்கள்,
மேலே மூன்று, கீழே மூன்று.
மூளை என்று பார்த்தால்
சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினி.
மலையிலிருந்து இறங்கும் சாரலுக்குப் பயந்து
மூடி இறுகிய டிபன் டப்பாவுக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு பலகையின் முதுகிலும் இரண்டு வாய்.
பட்டை வயர் ஒன்றில் நுழைய வேண்டும்,
மற்றதிலிருந்து அடுத்த பலகைக்குப் போக வேண்டும்.
முதலில் அனுப்பிய வெளிச்சம்
கடைசிப் பலகைக்குத்தான் போய்ச் சேரும்:
ஜீப்பில் முதலில் ஏறியவளை
எல்லாரும் உள்ளே உள்ளே தள்ளுகிற மாதிரி.

கணினி பேசுவது மூன்று வோல்ட் சொச்சத்தில்.
பலகைகளுக்குக் காது மந்தம்,
ஐந்து இல்லாமல் சரியாகக் கேட்காது.
நடுவில் ஒரு சில்லு வைத்தேன்.
"இதுலயும் தரகரா?" என்று சிரித்தார் பொம்முராஜ்.
அவரே தரகர்தான்.

கம்பிகள் குட்டை.
மேல்வரிசை முடிந்த இடத்திலிருந்து
கீழ்வரிசையின் தொடக்கத்துக்கு எட்டவில்லை.
ஏர் திரும்புவது போல் திருப்பி
கீழ் மூன்றையும் தலைகீழாக மாட்டினேன்.
அவை தலைகீழாக நிற்பதை
நிரலில் ஒரு வரி எழுதிச் சொன்னால் போதும்.
சொல்ல மறந்து முக்கால் மணி நேரம்
கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மினுமினுப்பு.
பவர் சப்ளையின் தரையும் கணினியின் தரையும்
வேறு வேறாக இருந்தன. சேர்த்தேன்.
நின்றது.

பிறகு தமிழ்.
'கொத்து' என்று எழுதினால்
கொம்பு ஒரு பலகையில், கால் அடுத்ததில்,
இரண்டுக்கும் நடுவே இரும்புச் சட்டத்தின் இடைவெளி.
'ஏலம்' ஓடிவரும்போது
நான்காவது பலகையில் செத்துப்போன ஒரு விளக்கின் மேல்
மகரத்தின் புள்ளி சரியாக வந்து உட்காரும்.
ஒரு நொடி 'ஏலம'.
அடுத்த நொடி புள்ளி திரும்பிவிடும்.
காயும் அதுதான், கூவி விற்பதும் அதுதான்,
பொம்முராஜுக்குப் புள்ளி பெரிதில்லை.
"எண்ணு தெளிவா விழுதா பாருங்க."

நாலு இலக்கத்துக்கு இடம் போதுமா பார்க்க
9999 என்று போட்டுவிட்டு
சாக்கு மூட்டைகளின் மேல் கண் அசந்தேன்.
விடிகாலை நாலரை.

ஐந்து மணிக்கு ஸ்டாண்டில் இருபது ஜீப்.
தூக்குவாளியும் மழைக்கோட்டுமாக வந்த பெண்கள்
அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்கள்.
பூப்பாறை வண்டி ஓட்டும் ஷாஜன்
செல்போனில் படம் பிடித்தான்.
கொண்டை ஊசி வளைவுகளை அவன் ஏறி முடிக்குமுன்
படம் ஏறிவிட்டது.
ராஜாக்காட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்,
சாந்தம்பாறையிலிருந்து நாலு பேர்,
விற்காமல் வைத்திருந்த ஒருவர் அழுதேவிட்டாராம்.
பொம்முராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
மாடிப்படி ஏறி வந்த வேகத்தில்
டிபன் டப்பாவை உதைக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

2460 என்று மாற்றினேன்.
அந்தி சாய, இறங்கிவந்த வண்டியிலிருந்து
பவுன்தாய் என்று ஒரு பெண்
நகக்கண்ணில் ஏலக்கறையோடு
எதிரே நின்று கத்தினாள்:
"ஏப்பா லைட்டுக்காரரே,
காலையில ஒம்பதாயிரத்துச் சொச்சம் பாத்துட்டு
மலையேறிப் பறிச்சோம்.
எறங்கி வந்தா ரெண்டாயிரத்துச் சொச்சம்.
ரெண்டுக்கும் எங்க கூலி ஒண்ணுதான்.
அதையும் ஒரு ஓரத்துல ஓட விடேன்,
ஊரு பாக்கட்டும்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இடமில்லை என்றேன்.
ஆறு பலகைக்குத்தான் காசு என்றேன்.
பொம்முராஜ் கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

ஏணியை மடிக்குமுன் ஒருமுறை
பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
எல்லாக் கம்பியும் இறுக்கம்.
ஆறாவது பலகையில்
வெளியே போகிற வாய் மட்டும்
எதுவும் செருகாமல்
பதினாறு ஊசிகளோடு திறந்திருந்தது.
தூசி போகாதிருக்க டேப் ஒட்டலாம் என்று எடுத்தேன்.
ஒட்டவில்லை.